செர்ரிச் சனிக்கிழமையில் எண்ணிய ஊர்

யாவர்னா
2008 ஜூலை 21

லூபெனுக்கு,

"அன்புள்ள" என்று எழுதக் கை வரவில்லை. நலமா என்றும் கேட்கப் போவதில்லை. நீ சோபியாவில் நலமாகத்தான் இருப்பாய். நலமில்லாமல் போகப் போகிறவர்கள் நாங்கள்.

வெள்ளிக்கிழமை நகராட்சியில் கூட்டம். சுற்றுவட்டாரத்து ஊர்த்தலைவர்கள் எல்லாரையும் கூப்பிட்டிருந்தார்கள். எந்த ஊருக்கு டாக்டர் தொடர்ந்து வருவார், எந்த ஊருக்கு வரமாட்டார் என்று பேசுகிற கூட்டம். துணைமேயர் நீ வீடு வீடாக எண்ணி எழுதிக்கொடுத்த அறிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்து வாசித்தார்: "யாவர்னாவில் ஏறக்குறையப் பாதி வீடுகளில் ஆள் இல்லை." வாசித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "இது நாங்க சொல்றது இல்லைங்க, உங்க தம்பி சொல்றது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். வேறு என்ன செய்வது?

நவம்பரில் நகர்மன்றம் கையெழுத்துப் போடும். புத்தாண்டிலிருந்து டாக்டர் யூருகோவா நம் ஊருக்கு வரமாட்டார். செவ்வாயும் வெள்ளியும் நம் பழைய பள்ளிக்கூடத்து அறையில் உட்கார்ந்து ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்த ஒரே மனுஷி. இனி ஊசி போடவும் மாத்திரைச் சீட்டு வாங்கவும் மலையிறங்கி நகரத்துக்குப் போக வேண்டும்.

ஊரில் விஷயம் பரவிவிட்டது. பக்கத்து வீட்டு கோச்சோ வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு கேட்கிறான்: "ஏன் வெலிச்கா, நான் என்ன பூட்டியா கெடக்குறேன்? நான்தான் கண்ணுக்குத் தெரியல, என் ஆடுங்க கத்துறதாவது உன் தம்பி காதுல விழலையா?" சவ்கா வீட்டுக் கதவில் அவள் புருஷனுக்கும் மாமியாருக்குமாக இரண்டு இரங்கல் தாள் ஒட்டியிருக்கிறது, உனக்குத் தெரியும். வருஷா வருஷம் புதுத் தாள் ஒட்டுகிறவள் அவள்தான். உன் மாணவப் பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு அந்த வீட்டைக் காலி வீடு என்று குறித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். "நான் எப்படீ செத்தேன், எனக்கே யாரும் சொல்லலையே!" என்று என்னிடம் வந்து கேட்டாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். போகும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நீ சமூகவியலில் டாக்டர் பட்டம் வாங்கியபோது அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். மறுநாள் காலை கோச்சோவின் அம்மா வீங்கின முழங்காலோடு நம் வாசலில் வந்து நின்றாள், ஞாபகம் இருக்கிறதா? உன் டாக்டர் பட்டத்தால் அன்றைக்கும் ஊருக்குப் பயனில்லை. போகட்டும் என்று விட்டோம். இப்போது இருந்த ஒரு டாக்டரையும் பிடுங்கிக்கொண்டாய்.

போன் பண்ணாதே, எடுக்க மாட்டேன். போனில் நீ வகுப்பெடுக்க ஆரம்பித்துவிடுவாய். எழுது. கடிதமென்றால் பாதியில் வைத்துவிட்டு அடுப்பைப் பார்த்துவிட்டு வரலாம்.

வெலிச்கா
(ஆளில்லாத ஊரின் தலைவி)


சோபியா
2008 ஜூலை 29

அக்காவுக்கு,

நீ சொல்லியும் கேட்காமல் நான்கைந்து தடவை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. சொன்னால் சொன்னபடி செய்கிறவள் நீ.

உன் கோபம் புரிகிறது. ஆனால் டாக்டரை நிறுத்துவது நான் இல்லை. எத்தனை வீடுகளில் ஆள் இருக்கிறது என்று நகராட்சி கேட்டது. என் மாணவர்கள் வீடு வீடாகப் போனார்கள். தட்டினார்கள், கூப்பிட்டார்கள், ஒரு சுற்று முடிந்ததும் மறுபடி வந்து தட்டினார்கள். திறக்காத வீட்டைத் திறந்தது என்று எப்படி எழுதுவது? எண்ணப் போன நாளைக்கூட நான் தேர்ந்தெடுக்கவில்லை. ஜூன் பதினான்காம் தேதி சனிக்கிழமை வா என்று சொன்னது நீதான். விடுமுறை நாள், எல்லாரும் வீட்டில் இருப்பார்கள் என்று நானும் சரி என்றேன்.

முதல் வருடப் பிள்ளைகளுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இரண்டே விஷயம். கேள்வியைக் கேட்டபின் வாயை மூடிக்கொள். எதிரில் இருப்பவர் யோசிக்கிற நேரம் அவருடையது, நடுவில் புகுந்து நீயே பதிலை எடுத்துக்கொடுக்காதே. இரண்டாவது, வந்த பதில் உனக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக அதில் கை வைக்காதே. ஊர்த்தலைவி என் அக்கா என்பதால் எண்ணிக்கையைக் கூட்டிப் போட்டேன் என்றால், நாளை எந்த முகத்தோடு அவர்கள் முன் நிற்பேன்?

இன்னொன்றும் சொல்கிறேன், இரக்கத்துக்காக அல்ல. எங்கள் சமூகவியல் துறை ஊசலாடிக்கொண்டிருக்கிறது. போன வருடம் சேர்ந்த பிள்ளைகள் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்துவிடலாம் போல அத்தனை குறைவு. துறையை விளம்பரப் படிப்போடு சேர்த்துவிடலாம் என்று டீன் யோசிக்கிறார். இந்த நிலையில் வெளியிலிருந்து ஒருவர் எங்களை நம்பி ஒரு வேலை கொடுத்தது இதுதான், பல வருடத்துக்குப் பிறகு. அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஆசிரியர் குழுவில் "பாருங்கள், சமூகத்துக்கு நாங்கள் வேண்டும்" என்று பேசினேன். பெருமையாக இருந்தது அக்கா. நீ சந்தோஷப்படுவாய் என்றுகூட நினைத்தேன்.

சவ்காவிடம் நான் வருத்தம் தெரிவித்ததாகச் சொல்.

லூபென்


யாவர்னா
2008 ஆகஸ்ட் 5

லூபெனுக்கு,

சுவரில் நாள்காட்டி இருக்கிறதா? எடுத்து ஜூன் பதினான்கைப் பார். தேதியை அல்ல, அதற்குக் கீழே சின்ன எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பார்.

பார்த்துவிட்டாயா? கல்லறைச் சனி. நம் அம்மா "செர்ரிக் கல்லறைச் சனி" என்று சொல்லிவந்த நாள். மரத்தில் முதல் செர்ரி பழுத்தாலும் அதைச் செத்தவர்களுக்குக் கொடுக்காமல் அன்றுவரை வாயில் வைக்கமாட்டாள். நீ மட்டும் திருட்டுத்தனமாகத் தின்றுவிட்டு, சிவந்த நாக்கைக் காட்டமாட்டேன் என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டு நிற்பாய்.

அன்று காலை ஊரில் வீடு திறந்திருக்குமா? மேடேற முடியாதவர்களை வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் எல்லாரும் மேட்டில் கல்லறைத் தோட்டத்தில் இருந்தோம். கோச்சோ இருந்தான். சவ்கா இருந்தாள், இரண்டு கல்லறைக்கும் வால்நட் இலை பரப்பிக்கொண்டு. பாதிரியார் ஒவ்வொரு கல்லறையாக வந்து பெயர் சொல்லிப் பிரார்த்தனை செய்துகொண்டிருந்தார். வேகவைத்த கோதுமையும் ரொட்டியும் செர்ரியும் கைக்குக் கை மாறிக்கொண்டிருந்தன. செத்தவர்களைக் "கடவுள் மன்னிக்கட்டும்" என்று சொல்லிச் சொல்லி எல்லாருக்கும் தொண்டை கட்டிப்போயிருந்தது.

அந்த நாளைச் சொன்னது நான்தான், ஒத்துக்கொள்கிறேன். ஏன் சொன்னேன் தெரியுமா? வெளியூர் போனவர்கள் எல்லாரும் அன்று வருவார்கள். புளோவ்திவிலிருந்து வருவார்கள், சோபியாவிலிருந்து வருவார்கள், ஸ்பெயினில் ஆரஞ்சு பறிக்கிற பையன்கள்கூட லீவு போட்டு வந்திருந்தார்கள். ஊர் நிறைந்திருக்கும். தம்பி பிள்ளைகளை நேராக மேட்டுக்கு அழைத்து வருவான், எல்லாரையும் ஒரே இடத்தில் எண்ணிக்கொள்வான் என்று நினைத்தேன். யாவர்னாக்காரனுக்கு அன்று ஊர் எங்கே இருக்கும் என்று சொல்லித்தரவா வேண்டும்? அதற்கு மேலே அவன் மனிதர்களைப் படிக்கிற பேராசிரியர் வேறு.

உன் பங்கு செர்ரியை ஒரு கிண்ணத்தில் போட்டு அம்மா கல்லறையின் தலைமாட்டில் வைத்திருந்தேன். மேட்டிலிருந்து பார்த்தால் சாலை தெரியும். உங்கள் பஸ் ஊருக்குள் போனதைப் பார்த்தேன். சரி, இறக்கிவிட்டு வருவான் என்று இருந்தேன். பிறகு பஸ் திரும்பிக் கீழே இறங்கிப் போனதையும் பார்த்தேன்.

டாக்டர் போவது ஊருக்கு வந்த கஷ்டம். நீ அம்மாவைப் பார்க்காமல் போனது எனக்கு வந்த கஷ்டம். இரண்டையும் சேர்த்துத்தான் இத்தனை நாளாக உன்மேல் கத்திக்கொண்டிருக்கிறேன்.

வெலிச்கா


சோபியா
2008 ஆகஸ்ட் 20

அக்கா,

உன் கடிதம் வந்து நாளாகிறது. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அன்று பஸ்ஸில் வரும்போது மிரெலா என்ற மாணவி, மூக்கில் வளையம் போட்ட பெண், என் பக்கம் எட்டி, "சார், இன்னிக்குக் கல்லறைச் சனி இல்ல? வீட்ல ஆள் இருப்பாங்களா?" என்று கேட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நாம உயிரோட இருக்கிறவங்களப் பாக்கப் போறோம்மா." எல்லாரும் சிரித்தார்கள். நல்ல நகைச்சுவை சொன்ன திருப்தியோடு நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வழியெல்லாம் வால்நட் கிளை ஒடித்துக்கொண்டு பெண்கள் நடந்து போனார்கள். நான் அவர்களையும் பார்த்தேன். பார்த்தும் பார்க்கவில்லை.

முப்பது வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன், ஒரு ஊரைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் அந்த ஊர் எந்த நாளில் எங்கே கூடுகிறது என்று முதலில் பார் என்று. வெட்கமாக இருக்கிறது. அம்மாவிடம் அதைவிட வெட்கமாக இருக்கிறது.

ஆனால் கோபித்துக்கொள்ளாமல் இதையும் கேள். நீ நினைத்தபடி நான் மேட்டுக்கு வந்து எண்ணியிருந்தாலும் அது பொய்க் கணக்குத்தான். ஸ்பெயினில் ஆரஞ்சு பறிக்கிறவனுக்கு யாவர்னாவில் டாக்டர் எதற்கு? நான் ஊரை வெறுமையாகக் காட்டினேன், நீ நிரப்பிக் காட்டப் பார்த்தாய். நாம் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தான், சந்தேகமே இல்லை.

அறிக்கை தவறு என்று நகராட்சிக்கு எழுதித் திரும்பப் பெறுவதுதான் நியாயம். டீனிடம் போய்ச் சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னார்.

"லூபென், எல்லா ஆய்விலயும் ஏதோ ஒரு தப்பு இருக்கும். அதுக்காக யாராவது கொடுத்ததத் திரும்பி வாங்குவாங்களா?"

"டாக்டர் வர்றது நின்னுடும் சார்."

"அது அவங்க முடிவு, உங்க முடிவு இல்ல. இலையுதிர்காலத்துல துறைய என்ன பண்றதுன்னு பேசப்போறோம். அந்த நேரத்துல 'எங்களுக்கு ஒரு கிராமத்துல எத்தன வீட்ல ஆள் இருக்குன்னுகூட எண்ணத் தெரியல'ன்னு நீங்களே எழுதிக் குடுத்தீங்கன்னா, நான் உங்களுக்காக என்னன்னு பேசுறது? சொல்லுங்க."

கெட்ட மனிதர் இல்லை அவர். சொன்னதில் தப்பும் இல்லை. என்னோடு துறையில் இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள், ஒருத்தி கைக்குழந்தைக்காரி. நான் நல்லவன் என்று காட்டிக்கொள்ள அவர்கள் சோற்றில் கை வைப்பதா?

என்ன செய்வேன் என்று இன்னும் தெரியவில்லை. பயமாக இருக்கிறது.

தம்பி லூபென்


யாவர்னா
2008 ஆகஸ்ட் 31

லூபெனே,

பிளம் பழச் சாராயம் வடிக்கிற நேரம் இது. ஊர் முழுக்க ரக்கியா வாசனை. கோச்சோ அண்டாவைவிட்டு நகரமாட்டேன் என்கிறான், ஆடுகள் என் முட்டைக்கோசில் மேய்கின்றன.

உன் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். "நீ நிரப்பிக் காட்டப் பார்த்தாய்" என்று எழுதியிருந்த இடத்தில் உன்னை நன்றாகத் திட்டினேன். பிறகு உட்கார்ந்து யோசித்தேன். நீ சொல்வது சரிதான். எனக்கு அந்தக் கூட்டத்தில் ஜெயிக்க வேண்டும் என்று இருந்தது, அவ்வளவுதான்.

எனக்காக எதுவும் செய்யாதே. கைக்குழந்தைக்காரியை நினைத்துப் பார்த்தேன். அவளைத் தெருவில் நிறுத்தித் தக்கவைத்த டாக்டரிடம் ரத்த அழுத்தம் பார்க்க என்னால் கையை நீட்ட முடியாது. அம்மா விஷயம் நமக்குள் இருப்பது. அதை இதோடு சேர்த்து எழுதியது என் தப்பு.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. போன புதன்கிழமை சவ்காவுக்குக் கடைவாசலில் தலை சுற்றிவிட்டது. புதன்கிழமை டாக்டர் வரும் நாள் இல்லை. ஆம்புலன்ஸுக்குச் சொன்னோம், வருகிறோம் வருகிறோம் என்றார்கள். கோச்சோவும் நானும் அவளை நிழலில் படுக்கவைத்து விசிறிக்கொண்டே இருந்தோம். எழுந்து உட்கார்ந்ததும் முதலில் என்ன கேட்டாள் தெரியுமா? "என்னைக் காலி வீட்டுக் கணக்குலதான வெச்சிருக்காங்க, ஆம்புலன்ஸ் எப்படி வரும்?" கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று சாயங்காலம் கோச்சோ என்னிடம் கேட்டான்: "உன் தம்பி சொல்லிக்குடுக்குற படிப்பு எதுக்கு வெலிச்கா? பல் டாக்டர்னா பல்லப் புடுங்குறான். வக்கீல்னா நம்மளையே புடுங்குறான். இவன் என்னதான் பண்றான்?" தேர்தலுக்கு முன்னால் வந்து யாருக்கு ஓட்டு என்று கேட்டுவிட்டுப் போவார்களே, அவர்கள்தான் என்று சொல்லி வைத்தேன். நீயே சொல், அவனிடம் சொல்கிறேன்.

அக்கா


சோபியா
2008 அக்டோபர் 3

அக்கா,

எழுதிக் கொடுத்துவிட்டேன்.

முதலில் மற்ற மூவரிடமும் பேசினேன். வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள் என்று நினைத்துத்தான் போனேன். கைக்குழந்தைக்காரி, கத்யா, குழந்தையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டே சொன்னாள்: "இதத் திருத்தாம வெச்சுக்கிட்டு அந்தத் துறைய நடத்தி என்னத்தச் சொல்லிக்குடுப்போம் சார்? குடுங்க, நானும் கையெழுத்துப் போடுறேன்." நான்கு கையெழுத்தோடு போனது. அறிக்கை தவறான நாளில் எடுக்கப்பட்டது, திரும்பப் பெறுகிறோம், எங்கள் செலவிலேயே மறுபடி செய்து தருகிறோம் என்று எழுதியிருக்கிறோம். டீன் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

நேற்று முதல் வகுப்பு. போன வருடத்தைவிடவும் குறைவான பிள்ளைகள். வழக்கமாக இந்தப் படிப்பு எங்கே பிறந்தது, யார் தொடங்கினார்கள் என்று ஆரம்பிப்பேன். நேற்று கரும்பலகையில் "2008 ஜூன் 14, சனி" என்று எழுதி, "இந்த நாளில் ஒரு ஊரில் பாதி வீடு பூட்டியிருந்தது. ஏன்?" என்று கேட்டேன். வேலைக்குப் போயிருப்பார்கள், வெளிநாடு போயிருப்பார்கள், செத்திருப்பார்கள் என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். கடைசியில் பின்வரிசையில் ஒரு பெண் மெதுவாக, "எங்க அத்தை அன்னிக்குச் செர்ரி எடுத்துட்டுக் கல்லறைக்குப் போவாங்க" என்றாள். அந்தப் பூட்டிய வீடுகளை எண்ணிய முட்டாள் நான்தான் என்று சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

கோச்சோவுக்குப் பதில் இது. பல் வலித்தால் ஒருவனுக்குத் தெரியும். ஊருக்கு வலித்தால் யாருக்குத் தெரியும்? ஒவ்வொருவரும் தன் வீட்டுக் கஷ்டம் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். வீடு வீடாகப் போய்க் கேட்டு, "இது உனக்கு மட்டும் இல்லை, எல்லாருக்கும் இருக்கிறது" என்று அவர்களுக்கே திருப்பிச் சொல்வதுதான் எங்கள் வேலை. ஒழுங்காகக் கேட்டால் மட்டும்தான் அது வேலை. இல்லாவிட்டால் கோச்சோ வக்கீலைப் பற்றிச் சொன்னது எங்களுக்கும் பொருந்தும்.

பிள்ளைகளை மறுபடி அனுப்புகிறேன். இந்தத் தடவை தட்டிவிட்டு ஓடமாட்டார்கள், அங்கேயே தங்குவார்கள். உங்களுக்கு முடிந்த வீடுகளில் படுக்க இடம் கொடுங்கள். ஆள் எத்தனை என்பதோடு இன்னொரு கேள்வியும் சேர்த்திருக்கிறோம். மிரெலாவின் யோசனை: "திடீரென்று உடம்புக்கு முடியாமல் போனால் முதலில் யாரைக் கூப்பிடுவீர்கள்?"

நான் வரமாட்டேன். நான் கூட இருந்தால் ஊர்த்தலைவியின் தம்பி முன்னால் யாரும் உள்ளதைச் சொல்லமாட்டார்கள்.

லூபென்


யாவர்னா
2008 அக்டோபர் 21

லூபெனே,

உன் பிள்ளைகள் போய்விட்டார்கள். ஊர் வெறிச்சென்று இருக்கிறது. இப்போது வந்து எண்ணினால் உன் பழைய அறிக்கை சரியாகத்தான் இருக்கும்.

மிரெலாவைச் சவ்கா வீட்டில் தங்கவைத்தேன். முதல் நாள் சவ்கா அந்த மூக்கு வளையத்தைப் பார்த்துவிட்டு, "இதப் புடிச்சு இழுத்துட்டுப் போறது யாரும்மா?" என்று கேட்டுவிட்டாள். அந்தப் பெண் சளைக்காமல், "இதுவரைக்கும் யாரும் இல்ல, நீங்க இழுங்க" என்றாள். அதோடு இருவரும் சிநேகமாகிவிட்டார்கள். கடைசி நாள் சவ்கா அவளுக்குப் பாலாடைக்கட்டி வைத்துப் பனிட்சா சுட்டு ஒரு தட்டு நிறையக் கட்டிக்கொடுத்தாள். கதவில் இருந்த பழைய இரங்கல் தாள் மழையில் நைந்துபோயிருந்தது; மிரெலாவே புதுத் தாள் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாள்.

கோச்சோவின் வீட்டில் தங்கிய இரண்டு பையன்களும் ரக்கியா குடித்துவிட்டு ஆட்டுக்கொட்டகையில் தூங்கிப்போனார்கள். இதை நான் சொன்னதாக அவர்களிடம் காட்டிக்கொள்ளாதே.

அவர்கள் கேட்கிற விதத்தைக் கவனித்தேன். கேட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். முதலில் ஜனங்களுக்குப் புரியவில்லை. கோச்சோ, "பதில் சொல்லிட்டேனே, இன்னும் ஏன் பாத்துக்கிட்டே இருக்க?" என்றானாம். அந்தப் பையன் ஒன்றும் பேசவில்லை. கோச்சோ கொஞ்ச நேரம் கழித்துத் தன் செத்துப்போன தம்பியைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிட்டான். வேலி ஓரத்தில் நாற்பது வருடமாக நிற்கிறேன், என்னிடம் அவன் அதைச் சொன்னதில்லை.

என்னையும் கேட்டார்கள். ஊர்த்தலைவி என்று விட்டுவிடவில்லை. மிரெலாதான் வந்தாள். நான் என்ன சொன்னேன் என்பது உனக்கு வேண்டாம்.

நவம்பர் முதல் தேதி இலையுதிர்காலக் கல்லறைச் சனி. சும்மா எழுதினேன்.

அக்கா


சோபியா
2008 நவம்பர் 6

அக்கா,

சனிக்கிழமை மேட்டில் நீ ஒன்றும் கேட்கவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஒயின் ஊற்றினோம், ரொட்டி கொடுத்தோம், வாங்கினோம். சவ்கா என் கையில் ஆப்பிளை வைத்து அழுத்தி, "கடவுள் மன்னிக்கட்டும்" என்று சொன்னபோது யாரை என்று எனக்குக் கொஞ்சம் சந்தேகமாகவே இருந்தது. பஸ் கிளம்பும்போது நீ கை காட்டினாய். அது போதும் எனக்கு.

புது அறிக்கை நேற்று நகராட்சிக்குப் போனது. நீ ஆசைப்பட்ட அளவுக்கு ஊர் நிறைந்திருக்கவில்லை, நான் எழுதின அளவுக்குக் காலியாகவும் இல்லை. ஆனால் என்னை உலுக்கியது அந்த இரண்டாவது கேள்விதான். ஆம்புலன்ஸைக் கூப்பிடுவேன் என்று சொன்னவர்கள் அநேகமாக இல்லை. மகனை, மகளை என்று சொன்னவர்களும் கொஞ்சம்தான். மற்ற எல்லாரும் பக்கத்து வீட்டைச் சொல்லியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் இவர்களைச் சொல்லியிருக்கிறார். ஒரு கிழவர் ஒரு கிழவியின் பெயரைச் சொல்ல, அந்தக் கிழவி கிழவரின் பெயரைச் சொல்ல, இருவராலும் வாசற்படி இறங்க முடியாது. ஊரே இப்படி ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நிற்கிறது. நடுவில் செவ்வாயும் வெள்ளியும் ஒரு டாக்டர் வந்து போகிறார், அதனால்தான் இத்தனை நாள் யாரும் விழவில்லை. இதைத்தான் எழுதினோம், யார் பெயரும் போடாமல்.

பெயர்களை எடுத்துவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தார்கள். அதனால் நீ என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரியாது. கண்டுபிடிக்கவும் முயலவில்லை.

துறை விஷயம் முடிந்துவிட்டது. அடுத்த வருடத்திலிருந்து விளம்பரப் படிப்போடு சேர்க்கிறார்கள். கத்யாவுக்கும் மற்ற இருவருக்கும் வேலை உண்டு. சமூகவியல் ஒரே ஒரு பாடமாக இருக்கும், அதை நான் நடத்துவேன். டீன் என்னை வெளியே அழைத்துச் சொன்னபோது அவருக்கே கஷ்டமாக இருந்தது. எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. முப்பது வருடம் அக்கா. ஆனாலும் கையெழுத்துப் போட்டதற்கு வருந்தவில்லை.

லூபென்


யாவர்னா
2008 நவம்பர் 19

அன்புள்ள தம்பி லூபெனுக்கு,

பார், எழுதிவிட்டேன், "அன்புள்ள" என்று.

நேற்று நகர்மன்றம் கூடியது. துணைமேயரே எழுந்து உன் புது அறிக்கையை வாசித்தார். ஒருவர் இன்னொருவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று வருகிறதே, அந்த இடத்தில் நிறுத்திவிட்டார். அவர் அம்மாவும் இப்படி ஒரு ஊரில்தான் தனியாக இருக்கிறாளாம், பிறகு தெரிந்தது. தண்ணீர் குடித்துவிட்டு மீதியை வாசித்தார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

டாக்டர் யூருகோவா வருவார். இரண்டு நாள் இல்லை, செவ்வாய் மட்டும். வெள்ளிக்கிழமைக்கு ஒரு நர்ஸை அனுப்புகிறார்கள். முழுசாக ஜெயிக்கவில்லை. ஆனாலும் கோச்சோ கடைக்கு முன்னால் நின்று எல்லாருக்கும் ரக்கியா ஊற்றினான். "லூபென் பல்லப் புடுங்க மாட்டான்தான், ஆனா புடுங்க வந்தவன நிறுத்திப்புட்டான்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். உன் துறையைப் பற்றிச் சொன்னேன். ஊற்றுவதை நிறுத்திவிட்டுத் தொப்பியைக் கழற்றினான். சவ்கா உனக்கு வால்நட் கட்டி வைத்திருக்கிறாள்.

இப்போது அந்தக் கேள்வி. உனக்கு வேண்டாம் என்று எழுதினேன், இருந்தும் சொல்லிவிடுகிறேன்.

மிரெலா என் சமையலறையில் எதிரே உட்கார்ந்து, திடீரென்று முடியாமல் போனால் முதலில் யாரைக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டாள். நான் சிரித்துக்கொண்டே, "ஊர்ல யாருக்கு என்னன்னாலும் என்னைத்தான்மா கூப்பிடுவாங்க" என்றேன். அவள் பேசவில்லை. "நான் யாரக் கூப்பிடுறது, நான் தலைவி" என்றேன். அதற்கும் பேசவில்லை. கோச்சோ பெயரைச் சொல்லலாம் என்று பார்த்தேன். அவனுக்குக் காது மந்தம், நான் விழுந்து கத்தினால் ஆடு கத்துகிறது என்று நினைப்பான். "ஏதாவது எழுதிக்கோ, போ" என்றேன். "எழுத முடியாதும்மா, சார் திட்டுவாரு" என்று சொல்லிவிட்டு மறுபடியும் சும்மா உட்கார்ந்துவிட்டாள். உன்னை அந்த நிமிஷம் எவ்வளவு திட்டினேன் தெரியுமா? என்ன மாதிரி பழக்கத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாய்! அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, நான் எழுந்திருக்கவில்லை, அவளும் எழுந்திருக்கவில்லை.

கடைசியில் உன் நம்பரைச் சொன்னேன். ஜூலையிலிருந்து உனக்குப் போன் செய்யவில்லை, இருந்தும் ஒரு எண்கூடத் தப்பாமல் வாயில் வந்தது.

சோபியாவிலிருந்து நீ வந்து சேருவதற்குள் என் இரங்கல் தாளைக் கதவில் ஒட்டி முடித்திருப்பார்கள், அது எனக்கும் தெரியும். ஆனால் எவ்வளவு சீக்கிரம் வருவார் என்று அவள் கேட்கவில்லை, யாரைக் கூப்பிடுவீர்கள் என்றுதான் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை உனக்குப் போன் பண்ணுகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை, பயப்படாதே. எடு.

அக்கா வெலிச்கா